ஆலை யாருடையது?

(விவசாயிகள் இயக்க ஊழியர்களுக்கான கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)

விவசாயிகளின் வருமானம் 2022-ஆம் ஆண்டுக்குள் இரட்டிப்பாகும் என்று பிரதமர் 2016 பிப்ரவரியில் அறிவித்தார். அந்த ஆண்டும் வந்தது, சென்றது. வருமானம் இரட்டிப்பாகவில்லை. அந்த வாக்குறுதியைப் பற்றி ஆட்சியாளர்கள் இப்போது பேசுவதும் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு மந்திரம் ஓதப்படுகிறது: ‘மதிப்புக் கூட்டல்’. விளைபொருளை விளைந்தபடியே விற்காதீர்கள். தக்காளியைச் சாறாக்குங்கள், உருளைக்கிழங்கை வறுவலாக்குங்கள், மிளகாயைப் பொடியாக்குங்கள். கிராமத்துக்கு ஓர் ஆலை வந்துவிட்டால் வறுமை போய்விடும் என்று அமைச்சர்கள் மேடைதோறும் உபதேசிக்கின்றனர்.

இந்த உபதேசத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விளைபொருள் பதப்படுத்தப்படும்போது அதன் மதிப்பு கூடுகிறது என்பது உண்மை. கிராமத்திலேயே அந்த வேலை நடந்தால் அங்கே வேலைவாய்ப்பு பெருகும் என்பதும் உண்மை. ஆனால் கூடிய மதிப்பு யாருடைய கைக்குச் சேர்கிறது என்ற கேள்விக்கு அந்த உபதேசத்தில் விடை இல்லை. அந்தக் கேள்வியே இன்றைய வகுப்பின் பொருள்.

நுகர்வோரின் ரூபாய் எங்கே போகிறது?

முதலில் விவசாயியின் நிலையைப் பார்ப்போம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நில அலகுகளில் 86 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. சராசரி அளவு 1.08 ஹெக்டேர். தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2018-19-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்குப்படி, ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர்ச் சாகுபடியிலிருந்து கிடைப்பது 3,798 ரூபாய். கூலி வேலையிலிருந்து கிடைப்பது 4,063 ரூபாய். விவசாயி என்று அழைக்கப்படும் குடும்பம் தன் வயலில் ஈட்டுவதைவிட அடுத்தவரிடம் கூலிக்குச் சென்று ஈட்டுவது அதிகம். இக்குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கடனில் இருந்தன; சராசரிக் கடன் 74,121 ரூபாய்.

இனி, இவர்கள் விளைவித்த பொருள் நகரத்துக் கடையில் விற்கும்போது என்ன நடக்கிறது? இந்திய ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் இதைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. நுகர்வோர் தக்காளிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குச் சேர்வது 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே நின்றுவிடுகிறது.

பாலின் கணக்கு வேறாக இருக்கிறது. நுகர்வோர் தரும் ரூபாயில் 80 காசுக்கும் மேல் உற்பத்தியாளருக்குச் செல்வதாகக் குஜராத்தின் அமுல் கூட்டுறவு கூறுகிறது. பால் தக்காளியைவிட விரைவில் கெடக்கூடிய பொருள். சில மணி நேரத்துக்குள் குளிரூட்டாவிட்டால் திரிந்துவிடும். அப்படியிருந்தும் பால் உற்பத்தியாளரின் பங்கு தக்காளி விவசாயியின் பங்கைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இருப்பது எப்படி? பால் பதப்படுத்தப்படுவதே காரணம் என்று சிலர் விடை தருவர். அந்த விடை நிற்காது. உருளைக்கிழங்கும் பதப்படுத்தப்பட்டு, பளபளக்கும் பொட்டலங்களில் நாடெங்கும் விற்கிறது. ஆனால் அந்தப் பொட்டலத்தின் விலை ஏறும்போது கிழங்கு விளைவித்தவரின் விலை ஏறுவதில்லை.

காரணம் எளியது. தனியார் ஆலைக்கு விளைபொருள் ஒரு செலவு; விவசாயிக்கு அதுவே வருமானம். ஆலையின் லாபம் உயர வேண்டுமானால் அந்தச் செலவு குறைய வேண்டும். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் விற்கும் சாதாரணத் தக்காளியில் பெரும்பகுதி நீர். ஒரு கிலோ கெட்டிச் சாறு எடுக்க ஆறேழு கிலோ பழம் வேண்டும். எனவே தக்காளி கிலோ 30 ரூபாய்க்கு விற்கும் நாளில் ஆலை கொள்முதலுக்கு வருவதில்லை. விலை வீழ்ந்து, விவசாயி பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டும் நாளில்தான் வருகிறது. ஆலை பக்கத்து ஊரில் இருந்தாலும் பக்கத்து மாநிலத்தில் இருந்தாலும் இந்த நியதி மாறுவதில்லை.

முன்னோடிகள் கண்டது

மார்க்சியத்துக்கு இது புதிய செய்தி அன்று. 1899-இல் வெளிவந்த ‘விவசாயப் பிரச்சினை’ நூலில் காவுத்ஸ்கி சுவிட்சர்லாந்தின் வெவே நகரிலிருந்த நெஸ்லே ஆலையை எடுத்துக்காட்டினார். 180 கிராமங்களின் பால் அந்த ஓர் ஆலைக்குச் சென்றது. அக்கிராமத்து விவசாயிகள் சட்டப்படி தம் நிலத்துக்கும் மாட்டுக்கும் உரிமையாளர்களாகவே இருந்தனர். பொருளாதார வகையிலோ தமது சுதந்திரத்தை இழந்து அந்த நிறுவனத்தின் குடிகளாக மாறிவிட்டனர் என்பது அவரது முடிவு. அதே நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பஞ்சாபின் மோகாவில் ஆலை அமைத்தது என்பதை நினைவில் கொண்டால் வெவே நமக்கு அத்தனை தொலைவில் இல்லை என்பது விளங்கும்.

அதே 1899-இல் வெளிவந்த ‘ருஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ நூலில் லெனின் வேறொரு பக்கத்தை ஆராய்ந்தார். வட ருஷ்ய மாவட்டங்களில் வெண்ணெய், பாலாடைக்கட்டித் தொழில் பெருகியபோது கிராமம் முழுவதும் சீராக உயரவில்லை. பல பசுக்களை வைத்திருந்தோர் மேலும் செழித்தனர். ஒரே பசு வைத்திருந்தவர், தம் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய பாலையும் ஆலைக்கு ஊற்றினார். பதப்படுத்தும் தொழில் கிராமத்துக்குள் வர்க்க வேறுபாட்டைக் கூர்மையாக்கியது.

இவ்விரு படிப்பினைகளையும் சேர்த்தே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆலையின் உரிமை யாரிடம் என்பது முதல் கேள்வி. விவசாயிகளின் ஆலையே ஆனாலும் எந்த விவசாயிகளுக்கு அது பயன்படுகிறது என்பது இரண்டாவது கேள்வி. இவற்றைக் கொண்டு இந்தியாவின் சொந்த அனுபவங்களை உரசிப் பார்ப்போம்.

கேடா: வேலைநிறுத்தத்தில் பிறந்த பால்பண்ணை

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1940-களில் பாலைக் கொள்முதல் செய்து பதப்படுத்தி பம்பாய்க்கு அனுப்பியது போல்சன் என்ற தனியார் நிறுவனம். 1945-இல் தொடங்கப்பட்ட பம்பாய் பால் திட்டத்துக்குப் பால் அனுப்பும் உரிமையும் அதனிடமே இருந்தது. ஆலை உள்ளூரில்தான் இருந்தது. நகரத்தில் நல்ல விலையும் கிடைத்தது. கிராமத்து உற்பத்தியாளருக்கு மட்டும் அந்த விலையில் பங்கு இல்லை. இடைத்தரகர் வைத்ததே அளவு; அவர் சொன்னதே விலை.

1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் விவசாயிகள் கூடினர். தனியாருக்குப் பால் ஊற்றுவதில்லை, கூட்டுறவு வழியாக மட்டுமே பாலைத் தருவது என்று முடிவெடுத்தனர். பதினைந்து நாட்கள் பால் கீழே கொட்டப்பட்டது. பம்பாய்க்குப் பால் போகவில்லை. அதிகாரிகள் இறங்கி வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவரானார். தொடக்கத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்கு 247 லிட்டர் பால். இன்று அமுல் என்ற பெயரில் 36 லட்சம் உற்பத்தியாளர்களைக் கொண்டு நிற்பது இந்த அமைப்பே.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது வர்கீஸ் குரியனின் நிர்வாகத் திறமையையே பலரும் முன்னிறுத்துவர். அவர் ஆனந்துக்கு வந்தது 1949-இல். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே வேலைநிறுத்தம் நடந்து வெற்றி பெற்றிருந்தது. திறமையான நிர்வாகி தேவை. ஆனால் அவர் யாருக்கு நிர்வாகியாக இருந்தார் என்பதை அந்தப் போராட்டமே தீர்மானித்தது.

பதப்படுத்தல் இங்கே ஆற்றிய பங்கு கவனிக்கத்தக்கது. எருமைகள் குளிர்காலத்தில் மிகுதியாகவும் கோடையில் குறைவாகவும் பால் தருகின்றன. குளிர்காலத்தில் பம்பாயால் எல்லாப் பாலையும் வாங்க முடியாது. அப்போது மிஞ்சும் பால் விவசாயியின் கழுத்தைச் சுற்றும் கயிறாகிவிடும். எருமைப் பாலைத் தூளாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கைவிரித்த நிலையில், எச்.எம். தலாயா என்ற பொறியாளர் அதற்கு வழி கண்டார். 1955-இல் ஆனந்தில் பால் தூள் ஆலை இயங்கத் தொடங்கியது. குளிர்காலத்து மிச்சம் தூளாகவும் வெண்ணெயாகவும் மாறியது. ‘இன்று பால் வேண்டாம்’ என்று சொல்லி விலையை அடிக்கும் அதிகாரம் எவரிடமும் இல்லாமல் போயிற்று. உற்பத்தியாளரின் பேர வலிமையைக் காக்கும் கருவியாக ஆலை நின்றது.

இதற்குத் துணைநின்றவை சில. கிராமச் சங்கத்தில் காலையும் மாலையும் உறுப்பினரின் கண்முன்னே பால் அளக்கப்பட்டு, கொழுப்புச் சத்து சோதிக்கப்பட்டு, அதற்கேற்பப் பணம் தரப்பட்டது. எத்தனை மாடு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. பாலை வாங்குவதிலிருந்து வெண்ணெயைக் கடையில் வைப்பதுவரை எல்லாப் படிகளும் ஒரே கூட்டுறவின் கையில் இருந்தன. அரசின் முதலீடும் பாதுகாப்பும் பின்னால் இருந்தன. ஆண்டு முடிவில் மிஞ்சும் லாபம் அவரவர் ஊற்றிய பாலுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆலையின் லாபமும் விவசாயியின் வருமானமும் ஒரே கணக்கேட்டில் எழுதப்பட்டன.

சபர்காந்தா: ஒரே மாவட்டம், இரண்டு கணக்குகள்

அதே குஜராத்தில் சபர்காந்தா என்றொரு மாவட்டம் உண்டு. அங்கும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் உருளைக்கிழங்கு பெருமளவில் விளைகிறது. வறுவலுக்கு உகந்த வகையைப் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் பயிரிடச் செய்து வாங்கிக்கொள்கிறது. மதிப்புக் கூட்டலை உபதேசிப்போர் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஏற்பாடு இது.

2019 ஏப்ரலில் அங்கு நடந்ததை நாடே அறியும். தனது பதிவு பெற்ற கிழங்கு வகையை அனுமதியின்றிப் பயிரிட்டதாகச் சொல்லி, சில ஏக்கர் நிலமே வைத்திருந்த நான்கு விவசாயிகள் மீது அந்நிறுவனம் தலா 1 கோடி ரூபாய்க்கு மேல் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உரிமை தரும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் இருக்கிறது. விவசாயிகள் அமைப்புகள் நாடெங்கும் கண்டனக் குரல் எழுப்பின. மே மாதத்தில் நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் அந்த வகையின் பதிவையே பயிர் இரகப் பாதுகாப்பு ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாக அந்த ரத்தை நீக்கியது. விதையின் மீது நிறுவனம் கொண்டாடும் உரிமை நீதிமன்றத்தில் மீண்டும் உயிர்பெற்றது.

இதே மாவட்டத்து விவசாயி மாலையில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார். அங்கே அவர் உறுப்பினர். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர். கிழங்கு விளைவிக்கும்போதோ அவர் எதிர்வாதியாக நிறுத்தப்படக்கூடிய ஒப்பந்தக்காரர். இரண்டும் பதப்படுத்தும் தொழில்கள்தான்.

ஆனால் கூட்டுறவு என்ற பெயர் மட்டும் போதுமா? இதற்கும் சபர்காந்தாவே விடை சொல்கிறது. 2025 ஜூலையில் ஹிம்மத்நகர் அருகிலுள்ள சபர் பால்பண்ணையின் முன் ஆயிரக்கணக்கான பால் உற்பத்தியாளர்கள் திரண்டனர். ஆண்டு லாபத்தில் தங்களுக்கு வர வேண்டிய விலை வேறுபாட்டுத் தொகை குறைத்துத் தரப்பட்டது என்பதே அவர்களது முறையீடு. உறுப்பினர்களே உரிமையாளர்கள் என்று சொல்லப்படும் ஆலையின் வாசலில் அந்த உறுப்பினர்கள் மீது கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டது. ஓர் உயிரும் போயிற்று. உரிமை ஏட்டில் இருந்தும் கணக்கு உறுப்பினர் கையை விட்டுப் போனால் கூட்டுறவும் இன்னொரு நிறுவனமாகிவிடும்.

ரப்பர்: வீட்டிலேயே பதப்படுத்தியும் விலை இல்லை

உள்ளூரில் பதப்படுத்தினாலே போதும் என்ற வாதத்துக்குக் கேரளத்து ரப்பர் விவசாயியைவிடத் தெளிவான மறுப்பு வேறில்லை. நாட்டின் ரப்பர் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிறு தோட்டங்கள். சராசரி அளவு ஏறத்தாழ அரை ஹெக்டேர். கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயிகளுக்கும் இது பழகிய வாழ்க்கை. விடியற்காலையில் மரம் வெட்டிப் பாலைச் சேகரித்து, பார்மிக் அமிலம் சேர்த்துத் தட்டில் உறையவைத்து, உருளை இயந்திரத்தில் ஷீட்டாக அடித்து, உலர்த்தி, புகையறையில் தொங்கவிட்டு, தரம் பிரித்து விற்கிறார்கள். முதல் கட்டப் பதப்படுத்தல் முழுவதையும் குடும்ப உழைப்பிலேயே செய்துமுடிக்கிறார்கள். மதிப்புக் கூட்டல் இவர்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம்.

பலன்? 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த ரப்பரின் விலை 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வீழ்ந்தது. நாட்டில் பயன்படும் இயற்கை ரப்பரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டயர் தொழிலுக்குச் செல்கிறது. அந்தத் தொழிலோ சில பெரும் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஐந்து டயர் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி டயர் விலையை நிர்ணயித்தன என்று கண்ட இந்தியப் போட்டி ஆணையம் அவற்றுக்கு மொத்தம் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு 2022 பிப்ரவரியில் வெளியானது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவ்வாண்டு டிசம்பரில் வழக்கை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. விற்கும் இடத்தில் கைகோக்கும் ஆற்றல் படைத்தவர்கள் வாங்கும் இடத்தில் தனித்தனியே நின்று போட்டியிடுவார்கள் என்று எந்தச் சிறு விவசாயி நம்புவார்? இறக்குமதிக்குக் கதவு திறந்திருக்கையில் ஷீட்டின் தரம் எவ்வளவு உயர்ந்தாலும் விலை உயராது.

கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு ரப்பருக்கு ஆதரவு விலையை 2021-இல் 170 ரூபாயாகவும் பின்னர் 180 ரூபாயாகவும் உயர்த்தி, சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைச் சிறு விவசாயிகளுக்கு ஈடுசெய்தது. கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் கேரளா ரப்பர் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனத்தை அமைக்கும் பணியையும் மேற்கொண்டது. ஷீட்டோடு நிற்காமல் முடிவுற்ற பொருள்வரை செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். எந்தப் படியில் லாபம் குவிகிறதோ அந்தப் படியில் விவசாயியின் அல்லது பொதுத்துறையின் கால் ஊன்றப்பட வேண்டும். கீழ்ப்படியில் மட்டும் உழைப்பைக் கூட்டுவதால் ஏகபோகத்துக்கு இன்னும் செம்மையான கச்சாப்பொருள் கிடைக்கிறது, அவ்வளவே.

கரும்பு: உரிமையாளருக்குக் கீழே இருப்பவர்

மகாராஷ்டிரத்தின் பிரவராநகரில் விட்டல்ராவ் விகே பாட்டீல், பொருளியல் அறிஞர் தனஞ்செயராவ் காட்கில் ஆகியோரின் முயற்சியில் எழுந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலை 1950-இல் அரைவையைத் தொடங்கியது. தனியார் ஆலைக்குக் கரும்பு கொண்டுபோய்ப் பணத்துக்குக் காத்துக் கிடந்தவர்கள் ஆலையின் பங்குதாரர்களாயினர். அரசும் பங்கு மூலதனம் தந்தது. கடனுக்கு உத்தரவாதம் நின்றது. அதைப் பின்பற்றி மாநிலமெங்கும் கூட்டுறவு ஆலைகள் எழுந்தன. பள்ளிகளும் மருத்துவமனைகளும் அவற்றைச் சுற்றி வளர்ந்தன.

பின்னர் நேர்ந்ததும் அறிந்ததே. பெரும் கரும்பு விவசாயிகளும் அரசியல் குடும்பங்களும் நிர்வாகத்தைத் தம் சொத்தாக்கிக்கொண்டனர். பல ஆலைகள் கடனில் மூழ்கடிக்கப்பட்டு, ஏலத்தில் தனியார் கைக்குச் சென்றன. லெனின் சுட்டிய வர்க்க வேறுபாடு கூட்டுறவின் உள்ளேயும் தன் வேலையைச் செய்தது.

பங்குதாரர் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாதவர்களும் இருக்கிறார்கள். பீட் போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் கணவனும் மனைவியும் ஒரே ‘கோய்தா’வாக, அதாவது ஒரே அரிவாளாகக் கணக்கிடப்பட்டு, முன்பணத்துக்குக் கட்டுண்டு கரும்பு வெட்டச் செல்கிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம் பிடிக்கப்படும் அந்த வாழ்க்கையில், மாதவிடாய் நாட்களின் கூலி இழப்பும் உடல்நலக் கேடும் நெருக்க, பெண்கள் பெருமளவில் கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019-இல் வெளிவந்தது. மாநில அரசு அமைத்த குழு விசாரித்த 82,000-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் அந்த அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகியிருந்தனர். கிராமப்புறத் தொழில்மயம் என்று புகழப்படும் ஒன்றின் அடித்தளம் இது. விவசாயிக்குக் கூடுதல் விலை கேட்கும் இயக்கம் இந்தப் பெண்களை மறந்துவிட்டுப் பேசுமானால் அதில் நியாயம் இருக்காது.

கரும்பில் இன்னொரு பாடமும் உண்டு. கரும்பிலிருந்து சர்க்கரை மட்டும் வருவதில்லை. மொலாசஸ் எத்தனாலாகிறது, சக்கை மின்சாரமாகிறது, ஆலைக் கழிவு உரமாகிறது. இந்த உபபொருட்களின் வருவாயில் விவசாயிக்குப் பங்கு உண்டா? 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில், பார்கவா ஆணையத்தின் பரிந்துரைப்படி சேர்க்கப்பட்ட 5ஏ பிரிவு ஆலையின் லாபத்தில் விவசாயிக்குப் பங்கு தந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளுக்கு அந்தப் பிரிவு நன்கு அறிமுகமானது. 2009-இல் நியாயமான, ஆதாயமான விலை என்ற பெயரில் புதிய முறை வந்தபோது 5ஏ நீக்கப்பட்டது. 2012-இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையும் உபபொருட்களும் சேர்ந்த மதிப்பில் 70 விழுக்காடு விவசாயிக்குச் சேர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழு தாராளமயத்துக்கு ஆதரவானது. கட்டுப்பாடுகளை நீக்கச் சொன்ன அதன் பரிந்துரைகளை அரசு விரைந்து ஏற்றது, பங்கு தரச் சொன்னதை நாடு முழுமைக்குமான சட்டமாக்கவில்லை. கரும்பு தந்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் 15 விழுக்காடு வட்டி என்ற விதியோ ஆணையில் இன்றும் இருக்கிறது. பல ஆலைகளின் கணக்கேட்டில் இல்லை.

அரசின் பணம் யாருக்கு?

இனி ஒன்றிய அரசின் திட்டங்களுக்கு வருவோம். நாட்டின் பதிவு பெறாத உணவு பதப்படுத்தும் அலகுகள் சுமார் 25 லட்சம் என்றும், இத்துறையின் வேலைவாய்ப்பில் 74 விழுக்காட்டை இவையே தருகின்றன என்றும் அரசின் ஆவணங்களே கூறுகின்றன. எண்ணெய்ச் செக்கு, மாவு மில், அப்பளம், ஊறுகாய் என்று பெரும்பாலும் குடும்பங்களே நடத்தும் தொழில்கள் இவை. இவற்றுக்காக 2020-இல் அறிவிக்கப்பட்ட திட்டம் ஐந்தாண்டுகளுக்கு 10,000 கோடி ரூபாய். இலக்கு இரண்டு லட்சம் அலகுகள். 25 லட்சத்தில் இரண்டு லட்சம். மறுபுறம், பெரும் உணவு நிறுவனங்களுக்கு உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகையாக 2021-இல் ஒதுக்கப்பட்டது 10,900 கோடி ரூபாய். இரண்டு லட்சம் சிறு அலகுகளுக்குத் தருவதைவிட இந்த நிறுவனங்களுக்கு அதிகம். பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய அரிசிக்கும் மாவுக்கும் தயிருக்கும் 2022 ஜூலையில் 5 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்ததும் இதே அரசுதான்.

10,000 விவசாயி உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டமும் 2020-இல் வந்தது. ஓர் அமைப்புக்குப் பங்கு மூலதன மானியத்தின் உச்சவரம்பு 15 லட்சம் ரூபாய். நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம். இந்தத் தொகையில் ஆலை எழுப்ப முடியாது. ஒரு பருவத்து விளைச்சலைக் கொள்முதல் செய்து இருப்பு வைக்கவும் முடியாது. உரமும் விதையும் வாங்கி விற்கும் கடையாகவோ, பெரும் நிறுவனத்துக்கு விளைபொருளைத் திரட்டித் தரும் முகவராகவோ இருக்கத்தான் முடியும். ஆயிரம் விவசாயிகளிடம் தனித்தனியே வாங்கும் சிரமத்தை நிறுவனத்துக்கு மிச்சப்படுத்திக் கொடுப்பது விவசாயியின் பேர வலிமையைக் கூட்டாது.

2020-இல் திணிக்கப்பட்ட மூன்று வேளாண் சட்டங்களையும் இந்தப் பின்னணியில் நினைவுகூர வேண்டும். ஒப்பந்தச் சாகுபடிச் சட்டத்தின் வழியாகச் சபர்காந்தாவின் ஏற்பாட்டை நாடு முழுவதும் பரப்புவதே நோக்கம். தில்லி எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து, 700-க்கும் மேற்பட்ட தோழர்களைப் பலிகொடுத்து விவசாயிகள் அதை முறியடித்தனர். முன்வாசலில் தோற்ற திட்டம், மதிப்புக் கூட்டல் என்ற பெயரில் பின்வாசலில் வருவதை விழிப்புடன் பார்க்க வேண்டும். கூட்டுறவு அரசமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ள துறை. 2021-இல் ஒன்றியக் கூட்டுறவு அமைச்சகம் உருவாக்கப்பட்டதும், 2023-இல் பல மாநிலக் கூட்டுறவுச் சட்டம் திருத்தப்பட்டதும் கூட்டுறவுகளின் கடிவாளத்தைத் தில்லிக்குக் கொண்டு செல்லும் முயற்சிகள்.

இயக்கத்தின் பணிகள்

தோழர்களே, இவற்றிலிருந்து சில முடிவுகள் எழுகின்றன.

முதலாவது, பதப்படுத்தல் ஆதரவு விலைக்கு மாற்று ஆகாது. அறுவடை முடிந்த மறுநாளே கடனுக்காக விற்றாக வேண்டியவருக்கு எந்த ஆலையும் உதவாது. சாமிநாதன் ஆணையப் பரிந்துரைப்படி, முழு உற்பத்திச் செலவுக்கு மேல் 50 விழுக்காடு சேர்த்த ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும். கிராம அளவில் சேமிப்புக் கிடங்கும், அங்கு வைத்த விளைபொருளின் மீது கூட்டுறவுக் கடனும் வேண்டும். காத்திருக்கும் வலிமை கிடைத்த பிறகே பதப்படுத்தும் வலிமை பயன் தரும்.

இரண்டாவது, பதப்படுத்தலில் பொது முதலீட்டைக் கோர வேண்டும். கார்ப்பரேட்டுகளுக்குச் செல்லும் ஊக்கத்தொகை கூட்டுறவு ஆலைகளுக்கும் பொதுத்துறைக்கும் திருப்பப்பட வேண்டும். நடைமுறை மூலதனம் குறைந்த வட்டிக்குக் கிடைக்க வேண்டும். விவசாயியைச் சுயசார்புக்கு அழைத்துவிட்டு, மூலதனத்துக்குத் தனியார் நிதி நிறுவனத்தின் வாசலைக் காட்டும் திட்டங்களை அம்பலப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, தனியார் ஆலை இருக்கும் இடங்களில் ஆலையின் முழு வருவாயிலும், உபபொருட்கள் உட்பட, சட்டப்படியான பங்கைக் கோரிக்கையாக வைக்க வேண்டும். ஒப்பந்தச் சாகுபடியில் இருக்கும் விவசாயிகளை ஆலைவாரியாகத் திரட்ட வேண்டும். நிறுவனம் ஒவ்வொருவரிடமும் தனித்தனி ஒப்பந்தம் போடுகிறது. பேச்சுவார்த்தை மேசையில் அனைவரும் ஒன்றாக உட்காருவதே அதற்கு எதிர்மருந்து.

நான்காவது, கூட்டுறவுகளை ஒதுங்கி நின்று விமர்சித்தால் போதாது. உள்ளே சென்று பணியாற்ற வேண்டும். குத்தகை விவசாயிகள், ஒரு மாடு வைத்திருப்போர், நிலப்பட்டா இல்லாத பெண்கள் ஆகியோருக்கு உறுப்பினர் உரிமை பெற்றுத் தருவது முதல் வேலை. சாகுபடி அலகுகளில் பெண்களின் பெயரில் இருப்பவை சுமார் 14 விழுக்காடு மட்டுமே. நிலத்தை அடிப்படையாகக் கொண்டு உறுப்பினரைச் சேர்க்கும் எந்த அமைப்பிலும் உழைக்கும் பெண் வாசலுக்கு வெளியேதான் நிற்பார். உறுப்பினர் கூட்டத்தில் வரவு செலவு தாய்மொழியில் படிக்கப்பட வேண்டும். தணிக்கை அறிக்கை எவருக்கும் கிடைக்க வேண்டும். தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும்.

ஐந்தாவது, ஆலைத் தொழிலாளியும் வெட்டுக்கூலியும் சுமைப்பணியாளரும் விவசாயியின் எதிரிகள் அல்லர். கூலி உயர்ந்தால் விவசாயியின் விலை குறையும் என்று நிர்வாகங்கள் இருவரையும் மோதவிடும். விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைத் தொழிற்சங்கமும் ஒரே கோரிக்கைச் சாசனத்தை முன்வைக்கும்போது இந்தச் சூழ்ச்சி பலிக்காது. தொழிலாளர்–விவசாயி கூட்டணியை வாழ்வின் அன்றாடப் பிரச்சினையாக உணரச் செய்ய ஆலை வாசலைப்போல் உகந்த இடம் வேறில்லை.

இந்தப் பணிகளைத் தொடங்க ஒவ்வொரு குழுவும் தன் பகுதியின் ஒரு பயிரை எடுத்து ஆராய வேண்டும். யார் வாங்குகிறார், எங்கே கொண்டுசெல்கிறார், எந்தப் படியில் எவ்வளவு விலை ஏறுகிறது, உபபொருள் என்ன ஆகிறது, ஆலையில் வேலை செய்வோர் யார், அவர்களின் கூலி என்ன என்பதை நேரில் சென்று எழுதிக்கொண்டு வர வேண்டும். விவசாயிகளுடன் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தன் வியர்வை எந்த இடத்தில் பிறர் லாபமாகிறது என்பதை எண்களில் கண்ட விவசாயியிடம் நீண்ட விளக்கம் தேவைப்படாது.

கேடா விவசாயிகள் 1946-இல் பாலைக் கீழே கொட்டிய பதினைந்து நாட்களில் அவர்களிடம் ஆலை இல்லை, எந்திரம் இல்லை, மானியமும் இல்லை. ஒன்றாக நின்றார்கள். ஆலை அதன் பிறகு வந்தது. இன்று மானிய விண்ணப்பத்துடன் வரிசையில் நிற்கும் விவசாயியிடம் இந்த வரிசைமுறையை எடுத்துச் சொல்வது இயக்கத்தின் கடமை.